காம்பு வெடித்த ராட்சதப் பூசணியைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: ஒன்டாரியோவில் வீட்டுக்குப் பின்னால் அட்லாண்டிக் ஜெயன்ட் பூசணி போட்டிருக்கிறேன். ஜூலை முதல் வாரத்தில் மகரந்தம் சேர்த்த காய், இப்போது ஓர் ஆளால் அசைக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. காம்பில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிகிறது. காயின் மேல்பக்கம் கொடியை முட்டித் தூக்குகிறது. வெடிப்பில் மருந்து போட்டால் போதுமா, இல்லை காய் போய்விடுமா?

பதில்:

காய் போய்விடும் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். காம்பில் வெடிப்போடு அக்டோபர் எடைப் போட்டி வரை போய்ச் சேர்ந்த பூசணிகள் நிறைய உண்டு. ஆனால் மருந்திலிருந்து தொடங்காதீர்கள். காய் கொடியை முட்டித் தூக்குகிறது என்று கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. காம்பை ஏதோ ஒன்று இழுக்கிறது, அந்த இழுப்பில்தான் அது வெடித்திருக்கிறது. இழுப்பை விட்டுவிட்டு வெடிப்புக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால், ஒரு வாரத்தில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வெடிக்கும்.

இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பூசணிப் பிஞ்சு கொடியின் கணுவில் பிறக்கும்போது பெரும்பாலும் கொடி போகும் திசைக்கே சாய்ந்து, குறுகிய கோணத்தில் நிற்கும். சாதாரணப் பூசணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அட்லாண்டிக் ஜெயன்ட் அப்படியல்ல. காம்பைச் சுற்றியுள்ள பகுதி இரண்டு தோள்களைப் போல முன்னுக்கு வளரும். காம்பு அந்தத் தோள்களுக்கு நடுவே பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். கொடி நுனி இருக்கும் பக்கத்துத் தோள் முதலில் கொடியைத் தொடும், பிறகு தள்ளும். காய் உயரும்போது காம்பும் மேலே போகப் பார்க்கும். கொடியோ ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் மாட்டிய காம்புதான் கிழியும். சில நேரம் காம்பு கொடியோடு சேரும் இடத்தில் கிழிகிறது, சில நேரம் காயோடு சேரும் இடத்தில். உங்களுடையதைப் போல நடுவில் நீளவாக்கில் வெடிப்பது இந்த மூன்றில் குறைந்த ஆபத்து உள்ளது.

இந்தச் சிக்கல் இந்த இனத்தோடு கூடவே வந்தது. ஒன்டாரியோவின் கோடரிச் ஊரைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோன பூசணி 403 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 183 கிலோ. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் தாண்டவில்லை. அப்புறம் நோவா ஸ்கோஷியாவின் வின்ட்சரில் ஹவர்ட் டில் என்ற விவசாயி எடைக்காகவே விதை தேர்ந்து தேர்ந்து அட்லாண்டிக் ஜெயன்ட்டை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகப் பட்டம் அவருக்குத்தான். இன்று போட்டிகளில் நிற்கும் பெரிய பூசணிகளெல்லாம் அந்த வழி வந்தவை. 2023இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பேயில் டிராவிஸ் கீங்கர் கொண்டுவந்தது 1,247 கிலோ. 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்கள் அதையும் தாண்டி 1,278 கிலோவுக்கு மேல் போய்விட்டார்கள். நன்றாக வளரும் காய் உச்சக் கட்டத்தில் ஒரே நாளில் 20 கிலோவுக்கு மேல் ஏறும். அவ்வளவு நீரும் சர்க்கரையும் அந்த ஒரு காம்பு வழியாகத்தான் போயாக வேண்டும். 2015இல் ஜெசிகா சாவேஜும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது: ராட்சதப் பூசணியில் சர்க்கரையைக் கடத்தும் புளோயம் திசு சாதாரண இனங்களைவிட அதிகமாக இருக்கிறது, காய் பெரிதாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதனால் காம்பைத் தொடும் எந்த வேலையையும் அவசரமில்லாமல் செய்யுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது.

வெயில் நன்றாக அடித்த ஒரு நாளின் பின்மாலையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் கொடி நீரேறி விறைத்திருக்கும். லேசாக வளைத்தாலே ஒடியும். நாள் முழுக்க வெயில் பட்டபின் துவண்டு, வளைந்து கொடுக்கும். மழை பெய்த மறுநாள் இந்த வேலையே வேண்டாம்.

முதலில் காம்பு இருக்கும் கணுவுக்கு இரண்டு பக்கமும் தாய்க்கொடியின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். கணுக்களிலிருந்து வேர் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். காம்புக்கு இந்தப் பக்கம் இரண்டரை, மூன்று அடி, அந்தப் பக்கம் அதே அளவு வரைக்கும் உள்ள வேர்களை ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுத்து விடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அந்த இழுப்பும் காம்புக்குத்தான் போகும். வேரை அறுத்தால் காய்க்குச் சாப்பாடு குறையுமே என்று தயங்குவீர்கள். குறையாது. காய்க்கு இரண்டு பக்கமும் கொடி நீளமாக இருக்கிறது. மற்ற கணுக்களின் வேர்கள் எல்லாம் ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். ராட்சதப் பூசணி வளர்ப்பில் எல்லாக் கணுவையும் மண் போட்டு மூடி வேர் விட வைக்கச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் காயின் இரு பக்கமும் இந்த மூன்று அடி அதற்கு விதிவிலக்கு. பல பேர் விட்டுவிடும் இடம் இதுதான்.

வேர்களை அறுத்து முடித்ததும் கொடி தானாகவே சற்று எழும்பும். எழும்பிய இடத்துக்கு அடியில் மரக்கட்டை, மடித்த பழைய துண்டு, கவிழ்த்த பூந்தொட்டி என்று ஏதாவது வைத்துத் தாங்கல் கொடுங்கள். கொடி காம்புக்கு அருகில் சட்டென்று மடியாமல், சாய்தளம் மாதிரி மெல்ல ஏறி இறங்க வேண்டும். காய் வளர வளரத் தாங்கலையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கும், வாரம் இரண்டு முறையாவது பாருங்கள்.

அடுத்தது தோள். உங்கள் காய் இருக்கும் அளவில் காயை நகர்த்தும் எண்ணமே வேண்டாம், கொடியை நகர்த்துங்கள். காயை முட்டுகிற பக்கத்தில் தாய்க்கொடியை இரண்டு கைகளாலும் தாங்கி, காயிலிருந்து விலகும் திசையில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் மட்டும் தள்ளுங்கள். அந்த நிலையில் நிற்க, பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, மெத்தென்ற துணியால் தளர்வாகக் கட்டுங்கள். மறுநாள் மாலை இன்னோர் அங்குலம். நான்கைந்து நாளில் தோளுக்கும் கொடிக்கும் நடுவே விரல்கள் நுழையும் அளவு இடம் கிடைக்கும். அதுவரை இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான மெல்லிய ஃபோம் துண்டோ பிளாஸ்டிக் அட்டையோ செருகி வைத்தால், தோள் கொடியை அறுக்காமல் வழுக்கிப் போகும். தள்ளும்போது நரநரவென்று ஒரு சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

காம்புக் கணுவிலிருந்தோ அதற்கு அடுத்த கணுவிலிருந்தோ காயை ஒட்டி ஒரு பக்கக் கொடி போகிறதா என்றும் பாருங்கள். அது தாய்க்கொடியை மேலே எழ விடாமல் பிடித்து வைக்கும். மெல்லியதாக இருந்தால் வெட்டிவிடலாம். தடித்து உள்ளே குழலாகிவிட்ட கொடியை இந்தக் கட்டத்தில் அடியோடு வெட்டுவது எனக்குப் பிடிக்காது. அந்தக் குழல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி அழுகல் தாய்க்கொடிக்கும் காம்புக்கும் போகும். வேறு வழியே இல்லையென்றால் ஓர் ஆறு அங்குலம் விட்டு வெட்டி, வெட்டுவாயைக் காய வைத்துக் கந்தகத் தூள் தூவுங்கள்.

இப்போது வெடிப்புக்கு வருவோம். எல்லா வெடிப்பும் நோயில்லை. ஹாலோவீனுக்குக் கடையில் விற்கும் பூசணிக்குக் காம்பு கட்டையாக, விளிம்பு விளிம்பாக இருக்கும். ராட்சதப் பூசணி குக்குர்பிட்டா மாக்சிமா என்ற வேறு இனம்; அதன் காம்பு உருண்டையாக, மெத்தென்று, முற்றும்போது தக்கை பிடித்துப் போகும். அந்தத் தக்கைத்தோலில் மேலோட்டமாகக் கோடு கோடாக வெடிப்பது இயல்பு. உலர்ந்து, வெளிறி, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் தொடவே வேண்டாம். ஈரமாக, பழுப்பாக, அழுத்தினால் குழைந்து, புளித்த வாடை அடித்தால்தான் கவலைப்பட வேண்டும். பழுப்புத் தண்ணீர் கசிவதாகச் சொல்வதால் உங்களுடையது இரண்டாவது வகை.

அதற்குச் செய்ய வேண்டியது எளிது, விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். ஒரு சின்னக் கத்தியையோ கரண்டியின் ஓரத்தையோ மருந்துக்கடை ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள். குழைந்துபோன பகுதியை மட்டும் மெல்லச் சுரண்டி எடுங்கள். கெட்டியான பச்சைத் திசு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு சின்ன மின்விசிறியைக் காம்பைப் பார்த்து வைத்து, இரவும் பகலும் ஓட விடுங்கள். வெளியில் வைப்பதால் மின்இணைப்பு மழை படாமல் பத்திரமாக இருக்கட்டும். எந்த மருந்தைவிடவும் இந்தக் காற்றுதான் அதிகம் உதவும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகஸ்ட் இரவுகளில் விழும் பனி காலை ஒன்பது, பத்து மணி வரை காம்புப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியது அந்த ஈரம்தான். ஓரளவு காய்ந்ததும் கந்தகத் தூளைத் தூவுங்கள்.

அமெரிக்க வளர்ப்பாளர்கள் இந்த இடத்தில் கேப்டான் என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசச் சொல்வார்கள். ஒன்டாரியோவில் வீட்டுத் தோட்டத்துக்கான மருந்துகளுக்கு 2009 முதல் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. அவர்கள் சொல்வதை அப்படியே பின்பற்ற முடியாது. கந்தகம் போதும். எதை வாங்கினாலும் அட்டையில் உள்ளதைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மெழுகு ஊற்றி அடைப்பது, டேப் சுற்றுவது, பிளாஸ்டிக் பையால் மூடுவது, இவை மூன்றும் வேண்டாம். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும், உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு அழுகல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். மழைக்கு மறைப்பு வேண்டுமானால் நான்கு பக்கமும் காற்று புகும்படி மேலே ஒரு பலகையோ குடையோ மட்டும் வையுங்கள். தலைக்கு மேல் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதையும் காம்பைவிட்டுத் திருப்பிவிடுங்கள்.

தினமும் பாருங்கள். மூன்று நான்கு நாளில் வெடிப்பின் ஓரம் காய்ந்து தோல் கட்டத் தொடங்கினால் தப்பித்துவிட்டது. வெடிப்பு பெரிதானாலும் அது உலர்ந்திருக்கும்வரை பயமில்லை. காம்பின் ஒரு பக்கம் கிழிந்த பிறகும் மறுபக்கத்து நாளங்களை வைத்துக்கொண்டு எடை ஏறிக்கொண்டே போகும் காய்கள் உண்டு. ஈரம் காய்க்குள் இறங்குகிறதா என்பது ஒன்றைத்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும்.

இதே வாரத்தில் தண்ணீரையும் உரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரு வாரம் காய விட்டு, பிறகு ஒரே நாளில் வெள்ளமாக விட்டால் காம்பும் வெடிக்கும், காயும் வெடிக்கும். தினமும் ஒரே அளவாகக் கொடுங்கள். பெருமழை வந்தால் அதற்கடுத்த ஓரிரு நாள் குறைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து அதிகமுள்ள உரம் போட்டுக்கொண்டிருந்தால் இப்போதைக்கு நிறுத்தலாம். வளர்ச்சி சற்றுத் தளரும்; வெடிப்பு ஆறும் அந்த ஒன்றிரண்டு வாரத்துக்கு அது நல்லதுதான். தண்ணீரை மொத்தமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

காயின் மேலேயே, காம்பைச் சுற்றி வளையம் வளையமாகப் பள்ளம் விழுந்து அதில் கீறல் வருவது வேறு விஷயம். வளர்ப்பாளர்கள் அந்த வளையங்களை ஹவர்ட் டிலின் பெயரால் டில் வளையம் என்கிறார்கள். அங்கு வரும் கீறல் காயின் உள்ளே உள்ள குழிவரை போய்விட்டால் போட்டியில் அந்தக் காய் செல்லாது. ராட்சதப் பூசணி எடைப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் கிரேட் பம்ப்கின் காமன்வெல்த் அமைப்பின் விதிப்படி குழிவரை போகும் ஓட்டையோ வெடிப்போ அழுகலோ இருக்கக் கூடாது. அதனால் காம்பைப் பார்க்கும்போதெல்லாம் வளையங்களையும் பாருங்கள். கீறல் தெரிந்தால் அதே வைத்தியம்தான்: சுத்தம், காற்று, கந்தகம். குழிவரை போய்விட்டதாகத் தெரிந்தாலும் காயைப் பிடுங்கி எறிய வேண்டாம். விதை முற்றியிருந்தால் அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தூரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொடி மண்ணிலிருந்து கிளம்பும் அந்த இடத்தில் ஆகஸ்ட் மாதத்தில் சிலருக்கு நுரை நுரையாகப் பொங்கி, கள் வாடை அடிக்கும். வெடிப்புக்குள் புகுந்த பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் கொடிச்சாற்றைப் புளிக்க வைப்பதால் வருவது அது. சுரண்டி, காய வைத்து, நிழலும் காற்றும் கொடுங்கள். தூர் முழுக்கப் போனாலும் கணு வேர்கள் நன்றாக இறங்கியிருந்தால் கொடி பிழைத்துக்கொள்ளும். மரத்தூள் போன்ற கழிவு தெரிந்தால் அது வேறு. தண்டுத் துளைப்புழு உள்ளே இருக்கிறது. தெற்கு ஒன்டாரியோவில் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும், குளவி போலத் தோன்றும் ஒரு பகல் அந்துப்பூச்சி தூருக்கு அருகில் முட்டையிடும். கழிவு தள்ளும் துளையிலிருந்து கொடியை நீளவாக்கில் மட்டும் கீறி, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழுவை எடுத்துக் கொன்றுவிட்டு, கீறிய இடத்தை ஈர மண்ணால் மூடுங்கள். கவனியுங்கள்: இந்தக் காயத்துக்கு மண் போடலாம், ஏனென்றால் கொடி அங்கே புது வேர் விடும். காய்க்காம்புக்கு ஒருநாளும் மண் அணைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டு இந்தத் தொல்லையில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம். தாய்க்கொடி பத்து அடிக்கு மேல் ஓடியபின் வரும் பெண்பூக்களில் இரண்டு மூன்றுக்கு மகரந்தம் சேருங்கள். எந்தக் காயை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும்போது பெரியது எது என்று மட்டும் பார்க்காதீர்கள். காம்பு நீளமாக, தடிமனாக, கொடிக்கு ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கும் பிஞ்சு சற்றுச் சிறியதாக இருந்தாலும் நான் அதையே வைத்துக்கொள்வேன். குறுகிய கோணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது பத்து நாளில் முந்திக்கொண்டு வந்தாலும் ஆகஸ்டில் நம்மைத் தூங்க விடாது. பூ மலரும் முன்பே அந்த இடத்தில் கொடியை வளைத்து, வளைவின் வெளிப்பக்கத்தில் காய் வரும்படி செய்துவிட்டால் இரண்டு தோளுக்கும் இடம் கிடைக்கும். காய் கைப்பந்து அளவுக்கு வந்ததும், பின்மாலைகளில் நாளுக்கு ஓர் அங்குலமாக நகர்த்திச் செங்கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்து வேர்களை அறுப்பதும் அப்போதே. அந்த வயதில் எல்லாமே கையில் நிற்கும்.

கடைசியாக அறுவடை. காம்பைப் பிடித்தோ காம்பில் கயிறு போட்டோ காயைத் தூக்கவே கூடாது. அடியைச் சுற்றிப் பட்டை போட்டு, முக்காலியில் தொங்கும் சங்கிலிக் கப்பியாலோ இயந்திரத்தாலோ தூக்க வேண்டும். கொடியை அறுக்கும்போது காம்பின் இரண்டு பக்கமும் நீளமாக விட்டே அறுங்கள். எடை போடும் இடத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்ற விதியைப் பார்த்து அங்கே சரிசெய்துகொள்ளலாம். அதுவரை அந்த மின்விசிறி ஓடட்டும்.